பன்னிரண்டாம் குழி

தார்த்து நகரில் சனவரி மாதம்
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
விர்வேக்கு அது பொருட்டில்லை,
அவள் வேலையே இருட்டறையில்.
ஒரு நுண்ணோக்கி, சுழல் நாற்காலி,
கண்ணாடித் தகட்டில் பன்னிரண்டு குழிகள்.
குழிக்குள் மனிதச் செல்கள்,
எப்போதோ எவர் உடலிலிருந்தோ எடுத்து
வளர்த்து, உலர்த்தி, ஒட்டிவைத்தவை.
அவற்றின் மேல் நோயாளியின் குருதிநீர் ஒரு துளி.
அரை மணி நேரம். கழுவு.
சாயம். மறுபடி அரை மணி. கழுவு.
பிறகு கேட்க வேண்டியது ஒரே கேள்வி:
இந்தக் குருதி மனிதனைத் தொட்டதா?
தொட்டிருந்தால் பச்சை.

எலும்புக்குள்ளே வெளிச்சம் எட்டாத செம்பஞ்சில்
ஒவ்வொரு பி செல்லும்
சீட்டுக் கலைப்பதுபோல் மரபணுத் துண்டுகளைக் கலைத்து
தனக்கென ஒரு கொக்கி செய்துகொள்கிறது.
எது மாட்டும் என்று அதற்கே தெரியாது.
பிறந்த இடத்திலேயே பாதிக்கு மேல்
பெற்ற உடலைப் பிடித்துவிடுகின்றன.
குற்றம் சொல்ல முடியாது,
அங்கே கைக்கெட்டுவது வேறென்ன?

முன்னிலை, படர்க்கை எல்லாம் பிறகு.
அங்கே முதல் பாடம் தன்மை:
‘நான்’ என்பதைக் கண்டால் சும்மா இரு.

தவறியவற்றுக்கு மறுவாய்ப்பு உண்டு.
கொக்கியின் ஒரு பாதியைக் கழற்றி
வேறு துண்டு கோத்துப் பார்க்கலாம்.
அதுவும் மாட்டினால் இன்னொன்று.
துண்டுகள் தீர்ந்தால் சாவு.
மெல்லப் பிடித்தவற்றை மட்டும்
வாயடைத்து வெளியே விடுகிறது உடல்.
முகம் தெரிந்தும் பெயர் சொல்லாமல்
இரத்தத்தில் அலைகின்றன
சில நாள்கள்.
எல்லாம் அல்ல.
எப்போதும் அல்ல.

செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டி வந்தது.
கம்பெனி தரும் ஒப்பீட்டுக் குருதி போக
தன்னுடையதிலும் ஒரு துளி வைத்துப் பார்ப்பது
விர்வேயின் பழக்கம்.
பன்னிரண்டாம் குழி. பதினேழு ஆண்டுகளாகக்
கறுப்பாகவே இருந்த குழி.
பென்சிலால் ‘நலமுள்ளவர்’ என்று எழுதுவாள்,
பெயர் போடுவதில்லை.

அன்று அதில் பச்சை.

சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தாள்.
திரும்பச் செய்தாள்.
எண்பதில் ஒரு பங்கு. நூற்றறுபதில் ஒன்று.
முந்நூற்றிருபதிலும் அணையவில்லை.
ஒவ்வொரு உட்கருவிலும் ரவை தூவினாற்போல் புள்ளிகள்,
நடுவே இரண்டு மூன்று கருந்துளைகள்.
இதே படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறாள்,
மாணவர்களுக்காக.

இரண்டு பேர் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது.
தாவெத் வந்து குனிந்தான்,
கம்பளித் தொப்பியில் பனி இன்னும் உருகவில்லை.
“அழகான புள்ளி. யாருடையது?
சிறுநீரகம் பார்த்தாச்சா?”
அவர்கள் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
அந்தச் சொல்லுக்குள் கொஞ்ச நேரம்
விர்வே ஒளிந்துகொண்டாள்.
“இன்னும் இல்லை,” என்றாள்.
“மூட்டு வலி?”
“நவம்பரிலிருந்து. குளிர் என்று நினைத்திருக்கிறது.”

நலமுள்ளவர்களிலும் சிலர் இப்படி ஒளிர்வார்கள்,
ஒன்றும் ஆகாமலே கிழமாவார்கள்.
அவளே பாடம் நடத்தியிருக்கிறாள்.
ஒளிர்வதெல்லாம் நோயல்ல என்று
பலகையில் கோடிட்டு எழுதியிருக்கிறாள்.
யாரும் அப்போது கை தூக்கிக் கேட்டதில்லை,
பின் என்ன என்று.

விளக்கைப் போட்டாள். இருவருக்கும் கண் கூசியது.
இழுப்பறையிலிருந்து ரப்பர் பட்டையும் ஊசியும் எடுத்தாள்.
“சட்டைக்கையை மடி, தாவெத்.
பன்னிரண்டாம் குழிக்கு
இனி ஆள் வேண்டும்.”

சிரித்துக்கொண்டே மடிக்கத் தொடங்கியவன்
முழங்கை வரை வந்ததும்
நிறுத்தினான்.